சத்தம் போடாமல் சிரித்த கோடை

காவலூரில் நாங்கள் இருந்த பதினெட்டு வருடமும் எங்கள் வீட்டில் பகல்தான் ராத்திரி. என் கணவருக்கு நட்சத்திரம் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருக்கும் டோமில் டெக்னீஷியன் வேலை. சாயங்காலம் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு போனால் விடிந்துதான் திரும்புவார். வந்ததும் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், பிறகு உள்ளறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்துப் போட்டிருந்தேன். அவர் எழுந்திருக்க மதியம் மூன்று மணி ஆகும். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் எட்டு வீடு. அதில் ஐந்தாறு வீட்டிலாவது பகலில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் பிறந்தது ஆலங்காயம் பக்கம். எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் ஆறு பேர் பேசுவோம், ஆறு பேருக்கும் எல்லாம் காதில் விழும். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வாரம், பகல் பதினோரு மணிக்குப் பருப்பு வேக வைத்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அடுத்து பக்கத்து வீட்டுக் கதவு. லுங்கியோடு இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்ப உள்ளே போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து குக்கர் வேலையெல்லாம் அவர் கிளம்பிப் போன பிறகுதான்.

காய்கறி கொண்டுவருகிறவர் மொபெட்டைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார். கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக வருவார். கத்தரிக்காய் என்று வாயால் சொல்ல மாட்டார், ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டுவார். நான் விரலைக் காட்டுவேன். அரைக் கிலோ என்றால் விரலைப் பாதியில் மடக்க வேண்டும். முருங்கைக்காய் முற்றல் என்று சொல்வதற்கு முகத்தை ஒரு மாதிரி சுளிப்பேன், அவர் நெஞ்சில் கை வைத்து இளசுதான் என்று சத்தியம் செய்வார். வருடக்கணக்காக இப்படித்தான் வியாபாரம் நடந்தது. மழைக்காலத்தில் வானம் மூடிக்கொண்டால் ஆண்களுக்கு ராத்திரியில் அவ்வளவாக வேலை இருக்காது, பகலில் பேசலாம். அப்போது காய்கறிக்காரர் வாய் திறந்து பேசினால் எனக்குப் பழக்கமில்லாத யாரோ மாதிரி இருக்கும்.

பிள்ளைகள் பிறந்து வளர்ந்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. வானம் துலக்கமாக இருப்பது தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும். டோமில் வேலை அதிகமாக இருப்பதும் அப்போதுதான், பள்ளிக்கூடம் லீவு விடுவதும் அப்போதுதான். பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. வெளியே போய் விளையாடினால் வரிசையே எழுந்துவிடும். தூரமாகப் போகச் சொன்னால் குரங்குகள். வீட்டுக்குள் வைத்தால் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். டி.வி.யில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். அந்தப் படங்களில் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். சத்தம் இல்லாவிட்டால் அதில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இருபது வருடத்துக்கு முந்தைய அந்தக் கோடையில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்க வாணியம்பாடிக்குப் போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒருவர் தார்ப்பாயை விரித்து டிவிடி விற்றுக்கொண்டிருந்தார். பையன் அங்கேயே நின்றுவிட்டான்.

"பசங்க பாக்குற காமெடிம்மா. ஒரே டிஸ்க்குல பத்து படம் இருக்குது" என்றார் அவர்.

அட்டையில் கோட்டு போட்ட வெள்ளைக்கார ஆள் ஒருவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை என் கணவர் தூங்கப் போனதும் போட்டோம். கறுப்பு வெள்ளைப் படம். ஆட்கள் விறுவிறுவென்று நடந்தார்கள். வாயை அசைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"ம்மா, சவுண்டு வர்ல" என்று பையன் கிசுகிசுத்தான்.

"கொறச்சி வெச்சிருக்கறோம்ல."

"இல்லம்மா, ஏத்திட்டேன். ஒன்னுமே இல்ல. பாட்டுகூட இல்ல."

ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். டிஸ்க்கைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். திரும்பவும் அதேதான். நடுவில் கறுப்பாக ஒரு பலகை வந்து அதில் இங்கிலீஷில் இரண்டு வரி நின்றது, போனது. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பையன் முகம் தொங்கிப்போய்விட்டது. எடுத்து உறையில் போடப் போனபோது பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தில் ஒரு நெட்டை ஆள். கோட்டுக் கை முழங்கையோடு நின்றுபோயிருக்கும். அவரிடம் ஒரு வாத்தைக் கொடுத்து, கல்யாண வீட்டில் சேர்த்துவிட்டு வா என்று அனுப்புகிறார்கள். போகிற வழியில் வாத்து கையை விட்டுப் போய்விடுகிறது. அது டிராம் வண்டிக்குள் ஏறுகிறது, முடி திருத்தும் கடைக்குள் போகிறது, சர்ச்சுக்குள் போகிறது. அவரும் பின்னாலேயே போகிறார். அவ்வளவுதான் கதை. அந்த ஆள் முகத்தில் சிரிப்பே இருக்காது. வாத்து தொலைந்ததில் அவருக்கு அவ்வளவு கவலை.

பையன் முதலில் அந்த இங்கிலீஷ் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து எங்களுக்குச் சொல்லப் பார்த்தான். அவன் ஒரு வரியை முடிப்பதற்குள் பெண், "அந்தாளு பொய் சொல்றாரு, வாத்து அவரு கூடைலதான் கீது" என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு ஏ பி சி டி முழுதாகத் தெரியாது. இரண்டு மூன்று நாளில் அவனும் படிப்பதை விட்டுவிட்டான்.

அந்தப் படங்களைப் போட்டால் போதும், வீட்டில் இரண்டு மணி நேரம் மூச்சுச் சத்தம்கூட இருக்காது என்று நான் நினைத்தது பெரிய தப்பு. படத்துக்குத்தான் சத்தம் இல்லை, பார்க்கிற எங்களுக்கு இருந்தது. சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டோம். சிரிப்பு வந்தால் துண்டை வாயில் வைத்துக் கடிக்க வேண்டும். யார் சத்தம் போட்டாலும் பின்வாசலில் கொய்யா மரத்தடியில் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். சட்டம் போட்டது நான். அதிக தடவை கொய்யா மரத்தடியில் நின்றதும் நான்தான். அங்கே நின்றுகொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். பையன் திரும்பி விரலை ஆட்டி மிரட்டுவான்.

ஒரு நாள் நண்பகல். வாத்து, முடி திருத்துகிறவரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்த இடம். நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, துண்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியக் குலுங்கிக்கொண்டிருந்தோம். உள்ளறைக் கதவு திறந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். டி.வி. அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது.

"யாரு?" என்றார்.

என்னால் பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

"சொல்லு. அப்பாவா? எப்ப போன் வந்துச்சி?"

அப்போது என் மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு ஒரு நொடியில் நின்றது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "இல்லிங்க, ஒன்னும் இல்ல, மாமா நல்லாக்கிறாரு, படம் பாக்கறோம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பெண்தான் அவரை எங்கள் பக்கம் இழுத்து வந்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து டி.வி. பக்கம் திருப்பினாள்.

கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கொஞ்ச நேரம் வாத்தைப் பார்த்தார். அது கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாயோரம் லேசாக ஆடியது.

"இது எத்தினி நாளா நடக்குது?"

"ரெண்டு வாரம்ப்பா" என்றான் பையன்.

"மொதல்லேர்ந்து போடு."

அன்றைக்கு அவர் திரும்பப் படுக்கவே இல்லை. செங்கண்ணோடு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்வார். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து உட்காருவதே அதுவரைக்கும் அபூர்வம். கல்யாணம் ஆகிப் பதினோரு வருடத்தில் அவர் எப்படிச் சிரிப்பார் என்பதை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தோள் இரண்டும் மேலே ஏறும், தலை கீழே போகும்.

அந்த நாட்களில் ஒருமுறை பெண் அவரிடம் கேட்டாள். "ப்பா, இந்த நெட்டை மாமா எங்க இருக்கறாரு?"

"இவரா? இவரு செத்துப்போய் ரொம்ப வருசம் ஆயிருக்கும்மா."

"அந்த டிராம் வண்டிப் பாட்டி?"

"அவங்களும்தான்."

"கல்யாணப் பொண்ணு?"

"எல்லாருந்தான். வாத்து உள்பட."

வாத்து என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் படம் போட வேண்டாம் என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே வந்து டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். படம் ஓடும்போது என் காதில், "நாம சிரிக்கிறது அவருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த ஆள் கேமரா பக்கம் திரும்பிப் பார்த்த நேரத்தில் அவருக்குக் கை ஆட்டினாள்.

எதிர் வீட்டுப் பெண் ஊரிலிருந்து திரும்பி வந்ததும் அந்த வாரம்தான்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வாணியம்பாடியில் அவள் அப்பாவுக்குத் தோல் மண்டி. அவள் வீட்டுக்காரர் இங்கே டிரைவர், ராத்திரியில் வேலை செய்கிறவர்களை ஏற்றி இறக்குவார். அவளும் என்னைப் போலவே நிறையப் பேர் உள்ள வீட்டிலிருந்து வந்தவள். நாங்கள் இருவரும் சாயங்காலம் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவோம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். ஆண் குழந்தை. பத்தொன்பது நாள்தான் இருந்தது. நாற்பது நாள் கழிந்ததும் வீட்டுக்காரரே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவள் வந்த அன்று வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நானும் சொன்னேன். "உனுக்கு இன்னா வயசாய்டுச்சி, அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். சொன்ன உடனேயே அவள் முகம் இறுகிப்போனதைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், "சரிக்கா" என்றாள். அதன்பிறகு கதவைத் திறக்கவே இல்லை. காய்கறிக்காரர் அவள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் வாசலில் நிற்பதும் போனது. போய்க் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொரு வார்த்தை சொல்லி இன்னும் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

என் பெண்ணுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. ஒரு நாள் நான் படம் போடப் போகும்போது அவளைக் காணோம். பார்த்தால் எதிர்வீட்டு அக்காவின் சுண்டு விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் தயங்கி நின்றாள். நான் வா என்று கையைக் காட்டினேன். பாயை நகர்த்தினேன். ஒரு துண்டையும் கொடுத்தேன். இது எதற்கு என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். என் பெண் துண்டை வாயில் வைத்துக் காட்டினாள்.

ரிமோட்டு சின்னவள் கையில் இருந்தது. அவள் எதையோ அழுத்த, நாங்கள் எப்போதும் பார்க்காத ஒரு படம் வந்துவிட்டது. சிரிப்பு இல்லாத படங்களைப் பையன் தாண்டிவிடுவான், அதில் ஒன்று. ஒரு சின்ன அறை. தையல்காரப் பெண் ஒருத்தி. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. தொட்டில். டாக்டர் வருகிறார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார். அடுத்து அந்தப் பெண் மட்டும் அறையில் இருக்கிறாள். கொடியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்து மடிக்கிறாள். பிரிக்கிறாள். மறுபடி மடிக்கிறாள்.

நிறுத்த எழுந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்க்கா."

உட்கார்ந்தேன். திரையில் அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் ரொம்ப நேரம் காட்டினார்கள். பலகை எதுவும் வரவில்லை. யாரும் வந்து ஆறுதல் சொல்லவில்லை. பின்னணியில் வயலின் இல்லை. அவள் பார்த்தாள், நாங்கள் பார்த்தோம். என் பக்கத்தில் இருந்தவள் அழ ஆரம்பித்தாள். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, நாங்கள் சிரிக்கும்போது குலுங்குவோமே அதே மாதிரி. பிள்ளைகள் இரண்டும் சத்தமில்லாமல் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்கள். நான் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதுகில் கை வைக்கலாமா என்று தோன்றியது, வைக்கவில்லை. என் முழங்கால் அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதை மட்டும் எடுக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மா சட்டைய மடிச்சி மடிச்சிப் பிரிக்கறாங்கல்ல" என்றாள். "நானும் அதான் பண்ணேன்க்கா. எங்கம்மா வூட்ல எல்லாரும் பேசிக்கினே இருந்தாங்க. நான் உள்ள உக்காந்துக்கினு இதான் பண்ணேன். யாருக்கும் தெரியாது."

"நான்கூட அன்னிக்கி ஏதோ உளறிட்டேன்" என்றேன்.

"பரவால்லக்கா. நீங்க இன்னா பண்ணுவீங்க."

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. மறுநாள் யாரும் இழுக்காமல் அவளே வந்தாள். பையன் டிஸ்க்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், எதைப் போடுவது என்று. அவள் என் பெண்ணைப் பார்த்து, "நீ பாக்குறத போடு" என்றாள். வாத்துப் படம் ஓடியது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் முடிகிற வரைக்கும் இருந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். போகும்போது ஒரு டிபன் பாக்ஸில் சேமியா வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரமோ பத்து நாளோ போயிருக்கும். வாத்துப் படத்தில் கடைசியாகக் கல்யாண ஊர்வலம் வரும். மாப்பிள்ளை முன்னால் நடந்து வருவார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவருக்குப் பின்னால் அதே நடையில் வாத்து. வாத்தைப் பிடிக்க வேண்டும், ஆனால் ஊர்வலத்தைக் கெடுக்கக் கூடாது என்பதால் நெட்டை ஆளும் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு அதே நடையில் வாத்துக்குப் பின்னால் வருவார். நாங்கள் அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்போம். அவளும் நாலைந்து தடவை பார்த்துவிட்டாள். அன்றைக்கு ஏன் என்று தெரியவில்லை, வாத்து நின்று திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள்.

அது துண்டுக்குள் அடங்குகிற சிரிப்பு இல்லை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, அவள் அம்மா வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. இன்னும் பெரிதாக வந்தது. அதைப் பார்த்து என் பெண் சிரித்தாள், பையன் சிரித்தான், நானும் துண்டைக் கீழே போட்டுவிட்டேன். பல வருடமாகப் பகலில் சத்தமே கேட்காத அந்த வரிசை முழுக்கக் கேட்டிருக்கும்.

கதவுகள் திறந்தன. ஒவ்வொரு வாசலிலும் லுங்கியோடு ஒரு ஆள். எதிர் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து எங்கள் வாசலில் நின்றார். பனியனை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள், டி.வி.யைக் கையால் காட்டினாள், பேச முடியாமல் மறுபடி சிரித்தாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அப்புறம் திரும்பித் தெருக்குழாயடிக்குப் போய்க் குனிந்து முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

என் கணவர் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எந்த எடம்?" என்றார்.

"ஊர்வலம்ப்பா."

"அது நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது மூன்றாவது வீட்டுக்காரர் மட்டும் என் மகனை நிறுத்தி, அது என்ன படம், நானும் பார்க்கலாமா என்று கேட்டாராம்.

மழை பிடித்தது. பள்ளிக்கூடம் திறந்தது. அவளுக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தது, பிறகு இன்னொன்று. அவள் வீட்டுக்காரருக்குக் கீழே வேறு வேலை கிடைத்து வாணியம்பாடிக்கே போய்விட்டார்கள். பெரியவள் இப்போது காலேஜில் படிக்கிறாள். நாங்கள் போனால் மதியச் சாப்பாடு சாப்பிடாமல் விட மாட்டார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி அவள் எப்போதாவது பேசுவாள். இருந்திருந்தால் இப்போது மீசை முளைத்திருக்கும் என்பாள். நான் பதில் எதுவும் தேடுவதில்லை, கேட்டுக்கொண்டிருப்பேன். அதை அந்தக் கோடையில்தான் கற்றேன்.

என் கணவர் ரிட்டயர் ஆன பிறகு நாங்களும் இறங்கிவிட்டோம். பையன் பெங்களூரில் இருக்கிறான். பெண் வேலூரில் பிசியோதெரபி செய்கிறாள், பேச்சு வராமல் படுத்திருக்கிறவர்களிடம் அவள்தான் நன்றாகப் பழகுகிறாள் என்று அவளோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். இப்போது ரோட்டுமேல் எங்கள் வீடு. லாரி, பஸ், பூ விற்கிறவர், மைக் செட்டு, எல்லாம் உண்டு. முதல் வருடம் எனக்குத் தலை வலித்தது. மலையில் இருந்த நாட்களை நினைத்தால் எனக்கு டோமோ மரங்களோ முதலில் ஞாபகம் வருவதில்லை. மூடிய அறையில் அந்தக் கறுப்பு வெள்ளை வெளிச்சம் விழுந்த நான்கைந்து முகங்கள்தான் வருகின்றன. படத்தைவிட நான் அந்த முகங்களைத்தான் அதிகம் பார்த்தேன் போலிருக்கிறது. பேசுகிற படத்தில் காது முன்னால் ஓடிவிடும், கண் பின்னால் வரும். இந்தப் படங்களில் கண்ணுக்குத்தான் எல்லா வேலையும். ஒரு மாசம் அப்படிப் பழகினால் பக்கத்தில் இருக்கிறவர்களும் கண்ணில் படுவார்கள்.

போன வைகாசியில் புதூர்நாட்டில் தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திருப்பத்தூருக்கு ஜீப்பில் இறங்கினோம். பதினான்கு பேர், இரண்டு புளி மூட்டை, ஏழெட்டுப் பலாப்பழம். எனக்கு எதிரே ஒரு இளம்பெண், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. குழந்தை சிணுங்கியதால் செல்போனில் ஏதோ போட்டுக் கொடுத்தாள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒரு துண்டு. நான் பார்க்காதது. ஒரு ஆள் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் திரும்புகிறார். யாரோ அதற்குக் கொய்ங் பொய்ங் என்று சத்தம் சேர்த்திருந்தார்கள், கூடவே ஒரு குத்துப்பாட்டு. எனக்கு எரிச்சலாக இருந்தது.

டிரைவர் தலையைத் திருப்பாமல், "ம்மா, சவுண்ட கொறச்சிடும்மா. வளைவுல எதிர்ல வர்ற வண்டி ஹாரன் கேக்கணும்" என்றார்.

அவள் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டாள். குழந்தை அழப்போகிறது என்று எல்லாரும் பார்த்தோம். அது அழவில்லை. ஏணிக்காரர் திரும்பினார், ஏணி ஒருவர் தொப்பியைத் தட்டியது. அவர் மன்னிப்புக் கேட்கத் திரும்பினார், இன்னொருவர் தொப்பி விழுந்தது. குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. புளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர் தோள்மேல் முகவாயை வைத்துக்கொண்டார். அந்தப் பெண் எல்லாருக்கும் தெரியட்டும் என்று போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

"அடுத்தது அந்தப் பால்காரம்மா" என்றார் என் கணவர்.

"நீங்க பாத்துருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. அவங்க நிக்கற எடத்தப் பாத்தாலே தெரியுது."

ஏணி திரும்பியது. பால்காரம்மா குனிந்துகொண்டார், ஏணி அவருக்குப் பின்னால் நின்ற போலீஸ்காரரைத் தள்ளியது. ஜீப் முழுக்கச் சிரித்தது, நானும் வாயை மூடாமல் சிரித்தேன். என் கணவர் தான் சொன்னது தப்பாகப் போனதில் கொஞ்சம் வருத்தப்பட்டு, அந்த இடத்தை இன்னொரு தடவை போடும்மா என்று கேட்டார்.